மேகத்தின் முதுகு

உப்பளங்களுக்கு மழை வருமா வராதா என்று சொல்வதற்கென்றே கடற்கரையில் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. அங்கே குரு சுலைகா, வயது முப்பத்தி நாலு. சீடர் மாசிலாமணி, வயது ஐம்பத்தி ரெண்டு, தபால் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். சின்னவரிடம் பாடம் கேட்க அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. தப்புப் பண்ணிவிடுவோமோ என்ற பயம்தான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாகத் தனியே படம் பார்க்கிறார். செயற்கைக்கோள் அனுப்புகிற வெப்பப் படத்தில் குளிர்ந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். காலைப் படத்தில், உப்பளத்துக்கு நேர் மேலே பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு!

"மேடம், சரியான மழை மேகம்! உச்சி எப்படிக் குளிர்ந்து கிடக்கு பாருங்க. எச்சரிக்கை அனுப்பிடட்டுமா?"

அனுப்பினால் உப்பு வாருகிற நானூறு பேரும் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அனுப்பாமல் மழை கொட்டினாலோ, விளைந்த உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துவிடும்.

சுலைகா கைப்பேசியை எடுத்து, உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாயைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"பேச்சித்தாயக்கா, உங்க நிழல் தரையில விழுதா?"

"இதென்ன கேள்வி தாயி! நல்லா விழுதே. என்னையவிட ஒல்லியா, நெடுநெடுன்னு அழகா விழுது."

"மேலே மேகம் இருக்கா?"

"பஞ்சைப் பிச்சுப் போட்டாப்ல என்னமோ கிடக்கு. வெயில் அதுக்குள்ள பூந்து வந்து மண்டையைப் பொளக்குது. ஏன், மழை வருதாமா?"

அங்கே பேச்சித்தாயோடு நின்ற பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மாசிலாமணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடக் கடவுளே, நானூறு பேரை வீட்டுக்கு விரட்டப் பார்த்தேனே!" என்று எச்சரிக்கையை அழித்தார். "அப்போ செயற்கைக்கோள் பொய் சொல்லிச்சா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி. உயரத்துல குளிர்ந்த மேகம் இருக்குன்னு சொல்லிச்சு. இருக்கத்தானே செய்யுது? அது மேகத்தோட முதுகைத்தான் பார்க்குது. மேகம் கனமா மெலிசான்னு அதுக்குத் தெரியாது."

மாசிலாமணி சந்தோஷமாக நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"நாளைக்கும் இதே மாதிரி வெள்ளையா வந்தா, எந்தப் பொத்தானை அமுக்கணும் மேடம்?"

"முதல்ல பேச்சித்தாயக்கா நம்பரை எழுதிக்கங்க அண்ணாச்சி," என்றார் சுலைகா.