ஏற்றத்தில் கத்திய என்ஜின்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் ஏறி இறங்கும் வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் மாசிலாமணிதான் அதை ஓட்டுவார். மலைமேல் ஓர் அலுவலகத்தில் மேலாளர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

கொஞ்ச நாளாக ஏற்றம் வந்தாலே அந்தக் காரின் என்ஜின் கத்தியது. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியதே தவிர, வண்டி ஏறவில்லை.

வண்டிக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. முகப்பில் இரண்டு முட்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது ஒன்று. வண்டியின் வேகத்தைக் காட்டுவது இன்னொன்று.

"நாலாயிரத்தைத் தொட்டுவிட்டான். எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றது சுற்று முள்.

"நான் இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. வெறும் வாய்ச்சவடால்," என்றது வேக முள்.

"எனக்கு வந்து சேர்வதைத்தான் நான் சக்கரத்துக்குக் கொடுக்க முடியும்," என்று கை கழுவிக்கொண்டது கியர் பெட்டி. "குடிக்கிற பெட்ரோலுக்கு அவன் உழைத்தால் நான் ஏன் குறை சொல்கிறேன்?"

என்ஜினுக்குப் பொறுக்கவில்லை. "மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறேன். தள்ளுவதெல்லாம் நடுவில் எங்கேயோ நழுவிப் போகிறது. அதைத்தான் சொல்கிறேன்."

"சொல்லலாம், கத்தக் கூடாது," என்றது ஹாரன். ஹாரன் சொன்னதுதான் கொடுமை.

மாசிலாமணி ஊருக்குள் இருந்த பட்டறைகளுக்குக் கொண்டுபோனார். ஒருவர் ஆக்சிலேட்டர் கேபிளை மாற்றிக் கொடுத்தார். இன்னொருவர் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துவிட்டு, "என்ஜின் போயிருச்சு சார். எறக்கிட்டு வேற போட்ரலாம். திங்கக்கெழம வண்டிய விட்ருங்க" என்றார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் குற்றம் என்று சொல்ல ஒரு மெக்கானிக் எதற்கு? தெருவில் போகிற யாரும் சொல்லிவிடுவார்களே. உள்ளே என்ஜின் திங்கட்கிழமையை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மூன்றாவது வளைவில் கருகிய வாடை அடித்தது. மாசிலாமணி பயந்துபோய் வண்டியைத் திருப்பி, மலையடிவாரத்தில் இருந்த உஸ்மான் பாயின் ஷெட்டில் நிறுத்தினார்.

"என்ஜின் முடிஞ்சுபோச்சு பாய். திங்கக்கெழம எறக்கறாங்க. அது வரைக்கும் ஓடுமான்னு மட்டும் பாருங்க."

உஸ்மான் பாய் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கியரில் போடாமல் என்ஜினை ஓடவிட்டார். அது சாதுவாக ஓடியது. "நின்னா நல்லாத்தான் இருக்கு. இழுக்கறப்பதான் கத்துது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். நல்ல வண்டியென்றால் என்ஜின் அந்த நொடியே திணறி நின்றுபோயிருக்க வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ஜின் மேல தப்பில்ல சார். கிளட்ச் பிளேட் பிடிக்கல. வழுக்குது."

என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் மெல்லிய தகடு அது; கிளட்ச் பெடலை மிதித்தால் மட்டும் பிடியை விடும். இத்தனை நாளும் அது ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ஜின் அதன்மேல் பாய்ந்தது.

"நீதானா? நான் ஊரெல்லாம் திட்டு வாங்கியதைப் பார்த்துக்கொண்டா சும்மா இருந்தாய்?"

தகடு கருகிப்போயிருந்தது. "நான் பிடியை விடவில்லை அண்ணே. இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மேலே ஒரு பாரம் வந்து பிடியைத் தளர்த்திவிடுகிறது. தேய்ந்து தேய்ந்து இப்போது பிடிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை."

"இதை முன்பே சொல்வதற்கென்ன?"

"முதல் நாளிலிருந்தே அந்தப் பாரம் இருந்தது. எல்லாத் தகட்டுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்."

என்ஜினுக்கு அதற்குமேல் அதைத் திட்ட மனம் வரவில்லை.

அந்த நேரம் உஸ்மான் பாய் டார்ச்சை அடித்துக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் பெடலின் ரப்பரில் கோடுகள் புதிதாகவே இருந்தன. கிளட்ச் பெடலின் ரப்பர் மொழுமொழுவென்று வழித்துவிட்டது போல் இருந்தது.

"சார், ஓட்டறப்ப எடது காலை எங்க வெப்பீங்க?"

"கிளட்ச் மேலதான். எப்ப வேணாலும் தேவப்படுமில்ல?"

"கியர் மாத்துனதும் எடுக்க மாட்டீங்களா?"

"எதுக்கு? நான் அழுத்தறதில்லியே பாய். சும்மாதான் வெச்சிருப்பேன்."

"நீங்க சும்மா வெச்சதுதான் சார் அதைத் தின்னுருச்சு."

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போனது. சாயங்காலத்துக்குள் உஸ்மான் பாய் புதுத் தகட்டை மாட்டினார். பழையதைத் தூக்கி இரும்புக் குவியலில் போட்டார். மாசிலாமணி அதைச் செருப்புக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"எத்தன மெலிசு பாருங்க. இப்பல்லாம் எதையும் உருப்படியா செய்யறதில்ல" என்றார்.

இத்தனை வருடம் அவர் காலைத் தாங்கியதற்கு அது பெற்ற நன்றி இவ்வளவுதான்.

வண்டி மறுபடி மலையேறியது. நாலாயிரம் இல்லை, கத்தல் இல்லை. "இப்போதுதான் திருந்தியிருக்கிறான்," என்று முட்கள் இரண்டும் என்ஜினைப் பார்த்துத் தலையாட்டின. முதல் வளைவு வரை மாசிலாமணியின் இடது கால் தரையில் இருந்தது. இரண்டாவது வளைவில் கியரை மாற்றப் பெடலுக்குப் போன கால், அங்கேயே தங்கிவிட்டது.

"அண்ணே, மேலே ஏதோ பாரமாக இருக்கிறதே," என்றது புதுத் தகடு. "எல்லாருக்கும் இப்படித்தானா?"

"இல்லை," என்றது என்ஜின். "அது ஒருவருடைய கால்."

"அப்படியானால் எடுக்கச் சொல்லலாமே?"

"கத்திக் கத்திச் சொன்னேன்," என்றது என்ஜின். "அதற்குத்தான் என்னை இறக்க நாள் குறித்தார்கள்."