இப்போது உன் வேலை என்ன?

ஆற்றின் இரு கரையும் ஒரே ராஜாவுக்குச் சொந்தமாயிருந்த காலத்தில், வேங்கை நாட்டைக் கீர்த்திபாலன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுடைய மந்திரி பெருஞ்சேந்தன். மகா புத்திசாலி என்று ஊர் சொல்லும். எடுத்த காரியம் ஒன்றையாவது முடித்ததுண்டா என்று மனைவி கேட்பாள். மனைவி கட்சியில்தான் மந்திரியும் இருந்தார்.

அதனால்தானோ என்னவோ, கோபுரம் கட்டி முடித்த சிற்பி ஒருவரை வரவழைத்து, அரண்மனை மேஸ்திரிகளுக்கு முப்பது நாள் பயிற்சி வைத்தார். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, யார் பொறுப்பு, சாமான் வராவிட்டால் என்ன செய்வது, இதுதான் பாடம்.

தளவாய் மல்லப்பருக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, பெரிய ஏரிக்கரை இரண்டு இடத்தில் உடைந்து கிடக்கிறது. மேஸ்திரிகளை உட்காரவைத்துக் கதை சொல்கிறார் மந்திரி. கதையைக் கொட்டியா உடைப்பை அடைப்பது?"

ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் ஏழு ஊர் வயலும் முழுகும். ராஜா தொடையைத் தட்டினான். "வடக்கு உடைப்பு தளவாய்க்கு, தெற்கு உடைப்பு மந்திரிக்கு. கெடு இருபது நாள். தோற்றவருக்குப் பதவி கிடையாது!"

மந்திரி தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு கரைக்குப் போனார். கல்லை இங்கே போடு, இல்லை அங்கே போடு என்று மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினார். போட்ட கல்லை எடுப்பதற்கே பொழுது சரியாயிருந்தது. நாலாம் நாள், பயிற்சி முடித்த மேஸ்திரி பொன்னுருவி வந்து கும்பிட்டாள்.

"ஐயா, அந்த முப்பது நாளில் நீங்க எத்தனை நாள் வந்தீங்க?"

"தொடக்க விழாவுக்கு வந்தேனே அம்மா. மாலைகூடப் போட்டார்கள்."

"அப்ப வீட்டுக்குப் போங்கய்யா. நாங்க பார்த்துக்கிடுறோம்."

மந்திரிக்குச் சுருக்கென்றது. தலைப்பாகையைத் தளர்த்திக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. "கரைமேல் ஆளுக்கொரு மண்டபம் கட்டுங்கள்!"

"உத்தரவு!" என்று தளவாய் கல்லையெல்லாம் மண்டபத்துக்குத் திருப்பினார். பொன்னுருவியோ, "கட்டுறோம் மகாராஜா. ஆனா மண்டபம் முதல்லன்னா உடைப்பு மழைக்குப் பிறகுதான். எது முதல்லன்னு உங்க வாயாலே சொல்லிடுங்க" என்றாள்.

ராஜா தலையைச் சொறிந்தான். "உடைப்பே ஆகட்டும்."

இருபதாம் நாள் வானம் கறுத்தது. தெற்கே கரை நெடுக நின்றது. வடக்கே நாலு தூண் நின்றது. உடைப்பு வாயைப் பிளந்து கிடந்தது. "ஆட்கள் சோம்பேறிகள், மகாராஜா!" என்றார் தளவாய்.

மந்திரி மெல்லச் சொன்னார்: "ஆட்களையே கேளுங்கள் மகாராஜா, இப்போது உன் வேலை என்ன என்று."

வடக்கே ஒருவன், "காலையிலே கல்லு, இப்பத் தூணு" என்றான். இன்னொருவன், "தளவாய் ஐயா வந்து சொல்லணும்" என்றான். தெற்கே மண் சுமந்தவன் சொன்னான்: "வடக்கு உடைப்பு, மகாராஜா. மிச்ச மண்மூட்டையை வண்டியிலே ஏத்தியாச்சு. தேவைப்படும்னு மேஸ்திரியம்மா அஞ்சு நாளைக்கு முன்னாலேயே சொல்லிட்டாங்க."

முதல் தூறலுக்குள் வடக்கும் அடைபட்டது. தளவாய் தலை நிமிரவில்லை.

"மந்திரி, இதில் உமக்கு என்ன வேலை?" என்றான் ராஜா.

"வராமலிருப்பது, மகாராஜா. பதினேழு நாள் பிசகாமல் செய்தேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பொன்னுருவியை நாட்டின் வேலைகளுக்கெல்லாம் தலைவியாக்கினான். "தளவாயின் பதவியைப் பறிக்கவேண்டாம், பயிற்சிக்கு அனுப்புங்கள், துணைக்கு நானும் போகிறேன்" என்று மந்திரி கேட்க, அதற்கும் சம்மதித்தான். பிறகு பொன்னுருவி பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"நடுவில் உத்தரவை மாற்றுகிறவர்களுக்கும் பாடம் உண்டா அம்மா?"

"இருக்கு மகாராஜா. முப்பது நாள்தான் போதாது."