யானை மண்டியிட்ட மடக்குக் கத்தி

முன்னொரு காலத்தில், எந்தத் தேசம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, விசயகேசரி என்றொரு ராஜா இருந்தார். வெள்ளரிப்பிஞ்சு என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு பிஞ்சையாவது ஆசைதீரத் தின்றாரா என்றால், இல்லை. காரணம் அவருடைய கத்தி.

அரச கத்திக்கு இரண்டு முழம் நீளம், பிடி முழுக்க ரத்தினம். அது ஆயுதசாலையிலிருந்து கிளம்ப வேண்டுமானால் பட்டு மெத்தை, வெண்குடை, எக்காளம், முன்னால் நான்கு பேர், பின்னால் ஆறு பேர். அத்தனை பேரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் பிஞ்சு வதங்கிப் போகும். வெட்டுவதும் ராஜா அல்ல, ஆயுதசாலைத் தலைவர் செண்பகராயர்தான். உயிரே போனாலும் அந்த உரிமையை அவர் விடமாட்டார்.

ஒருநாள் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. “என் மடியிலேயே ஒரு கத்தி வேண்டும்! நினைத்த மாத்திரத்தில் கைக்கு வர வேண்டும்!” என்று சிம்மாசனத்தில் குத்தினார்.

அந்த முகத்தைப் பார்க்க அரண்மனை விகடன் குப்பாண்டிக்குப் பாவமாக இருந்தது. நேரே சந்தைக்குப் போனான். ஒரு கொல்லன் விரித்திருந்த கடையில், வேப்பமரப் பிடி போட்ட மடக்குக் கத்தியைக் கண்டான். விலை ஒரே பணம். விரித்தான், மடக்கினான், மறுபடி விரித்தான். அலகு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தான். முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தான். மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான், குனிந்தான், குதித்தான், எங்கும் குத்தவில்லை. பக்கத்துக் கடை வெங்காயத்தில் பாதியை நறுக்கித் தீர்த்தபோது கொல்லனுக்கே தாங்கவில்லை. “ஐயா, நீர் வாங்க வந்தீரா, சமைக்க வந்தீரா?” என்றான்.

குப்பாண்டி அதை ராஜாவின் முன் வைத்து உண்மையையும் சொன்னான். “அரசே, ஏழை வீட்டுக் கத்திதான். எலுமிச்சையை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். மற்றபடி தங்கள் மடியில் சமர்த்தாக இருக்கும்.”

ராஜா கையை நீட்டினார். குறுக்கே செண்பகராயர் வந்து நின்றார்.

“பிரபு, பொறுத்தருள வேண்டும். பட்டத்து யானை எந்த ஆயுதத்தின் முன் மண்டியிடுகிறதோ, அதை மட்டுமே தாங்கள் தொடலாம். மண்டியிடாத ஆயுதத்தைக் கொண்டுவந்தவனைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாடு கடத்த வேண்டும். தங்கள் பாட்டனார் வகுத்த விதி.”

பாட்டனார் பேச்சை எடுத்தால் ராஜா வாயைத் திறக்க முடியாது. “நாளைக் காலையில் சோதிக்கலாம்” என்று முனகினார்.

இதுவரை யானை மண்டியிட்ட ரகசியம் குப்பாண்டிக்குத் தெரியும். செண்பகராயர் வாளை வீசும்போது அவருடைய ஆளான பாகன் காலால் காதோரம் அழுத்துவான், யானை மண்டியிடும். நாளை அவன் அழுத்தவா போகிறான்?

மறுநாள் மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. பாகன் இரண்டு காலையும் தூக்கி யானையின் முதுகில் சம்மணமே போட்டுவிட்டான். குப்பாண்டி கத்தியை நீட்டினான். யானை அதை முகர்ந்துவிட்டு, கொட்டாவி விட்டது. செண்பகராயர் மீசையைத் தடவினார்.

“ராயரே, யானையை மிரட்ட வேண்டும் என்று விதியில் உண்டா?” என்று குப்பாண்டி கேட்டான்.

“இல்லை. ஆயுதத்தின் முன் மண்டியிட வேண்டும், அவ்வளவே.”

“அது போதும்” என்ற குப்பாண்டி, மேல்துண்டுக்குள்ளிருந்து ஒரு கரும்பை உருவினான். அங்கே நின்றிருந்த தேருக்கு அடியில் தவழ்ந்து போய், கத்தியை விரித்து, சாவகாசமாகத் தோலைச் சீவித் துண்டு போட ஆரம்பித்தான். வாசனை யானைக்கு எட்டியது. துதிக்கையை விட்டுப் பார்த்தது, துண்டு எட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தது, தேர் இடித்தது. கடைசியில் முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி, கத்திக்கு நேர் எதிரே மண்டியிட்டது. சம்மணம் போட்டிருந்த பாகன் உருண்டு விழுந்தான்.

“மோசடி!” என்று செண்பகராயர் குதித்தார். “யானை கரும்புக்கல்லவா மண்டியிட்டது!”

“அப்படியானால் மிச்சக் கரும்பைத் தங்கள் கத்தியால் நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள்.”

எக்காளம் முழங்க, குடை பிடிக்க, அரச கத்தி வந்தது. செண்பகராயர் ஓங்கி ஒரு போடு போட்டார். கரும்பு எகிறிப் போய் எக்காளக்காரனின் வாயில் அடித்தது. கரும்பு போன கோபத்தில் யானை அந்த ரத்தினக் கத்தியைப் பிடுங்கி, முகர்ந்து, தின்ன லாயக்கில்லை என்று குளத்தில் எறிந்தது. பத்துப் பேரும் மெத்தையோடும் குடையோடும் தண்ணீரில் குதித்தார்கள்.

ராஜா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். மடக்குக் கத்தியைத் தானே எடுத்து, தானே ஒரு துண்டு நறுக்கினார். கட்டைவிரலில் ரத்தம் வந்தது.

“அரச ரத்தம்! குப்பாண்டியைப் பிடியுங்கள்!” என்று செண்பகராயர் அலறினார். குப்பாண்டி கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான். ஐயோ, இத்தனை பாடும் வீணா?

ராஜா விரலை வாயில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்க, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்.

“அடேய் குப்பாண்டி, ஐம்பது வயதாகிறது எனக்கு. என் விரலை நானே வெட்டிக்கொள்ளக்கூட இவர்கள் யாரும் இதுவரை என்னை விட்டதில்லையடா!”

தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார், ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்த வாரத்திலேயே ராஜாவின் இன்னும் மூன்று விரல்களில் கட்டு ஏறியது. அவற்றை வருவோர் போவோருக்கெல்லாம் பெருமையாக நீட்டிக் காட்டினார்.