ஒரே மரத்தில் மூன்று பட்டைகள்

ஆற்றங்கரைக் காட்டில் கொறிப்பான் என்றொரு மலை அணில் இருந்தது. எந்தக் காளானைத் தின்னலாம், எது உயிருக்கே உலை வைக்கும் என்று மரப்பட்டையில் பல்லால் கீறி வைப்பது அதன் வேலை. காடே அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் காளான் தின்றது. அதனால் கொறிப்பானுக்குத் தலைகால் புரியாத பெருமை.

“பட்டை தொலைந்துபோனால் என்ன செய்வீர்கள், அண்ணே?” என்று கேட்டது இருவாச்சிப் பறவை பொன்மூக்கன்.

“நான் என்ன அசடா? ஒன்றைப் பார்த்து ஒன்றாக மூன்று படி கீறி மூன்று பொந்தில் வைத்திருக்கிறேன்.”

“மூன்று பொந்தும் எந்த மரத்தில்?”

“என் மருத மரத்தில்தான். வேறெங்கே வைப்பேன்?”

பொன்மூக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மரம் விழுந்தால் மூன்றும் சேர்ந்தல்லவா போகும்? அக்கரையில் என் வீட்டுக்காரி முட்டையோடு பொந்துக்குள் இருக்கிறாள். குஞ்சு பொரிக்கும்வரை எங்கள் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசியாயிற்று. அலகு நுழையும் இடுக்குதான் பாக்கி. ஒரு படி கொடுங்கள், அவளிடம் பத்திரமாக இருக்கும்.”

“என் பல் பட்டது ஆற்றைத் தாண்டாது” என்று கொறிப்பான் வாலைச் சிலுப்பியது.

பொன்மூக்கன் விடவில்லை. ஐந்து நாள் அத்திப்பழம் கொண்டுவந்து நச்சரித்தது. ஆறாம் நாள், தொல்லை விட்டால் போதுமென்று ஒரு மெல்லிய பட்டையைக் கீறிக் கொடுத்தது அணில்.

சித்திரையில் பேய்மழை கொட்டியது. மருத மரம் வேரோடு சாய்ந்து ஆற்றில் போனது. கொறிப்பான் தாவித் தப்பியது. காய்கனி எல்லாம் உதிர்ந்து அழுகிவிட்டன. எங்கு பார்த்தாலும் காளான்தான். பசியில் துவண்ட மான்குட்டிகளும் பன்றிக்குட்டிகளும் அணிலைச் சூழ்ந்துகொண்டன.

“எதைத் தின்னலாம், மாமா?”

நூறு வகைக் காளான். நினைவு ஒன்றில் பிசகினாலும் ஒரு குட்டி செத்துப்போகும். மூன்று பட்டையும் மரத்தோடு போய்விட்டன. வெட்கம் கொறிப்பானைப் பிடுங்கித் தின்றது.

அப்போது பொன்மூக்கன் பட்டையை அலகில் கவ்வி வந்து இறங்கியது. “பொந்தில் அடைந்து கிடந்த நேரத்தில் என் வீட்டுக்காரி இதை மனப்பாடமே செய்துவிட்டாள், அண்ணே!”

கொறிப்பான் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, சிரித்தது. குட்டிகள் வயிறு புடைக்கத் தின்று கும்மாளமிட்டன. அணில் மட்டும் உட்காரவில்லை. அன்றே இக்கரைக்கு ஒன்று, அக்கரைக்கு ஒன்று, மலை உச்சிக்கு ஒன்று என்று கீறி முடித்தது. புதிதாக ஒரு காளான் முளைத்தாலும் மூன்றிலும் அதே நாளில் கீறல் விழுந்தது. அலைந்து அலைந்து அணிலின் தொந்தி கரைந்தது. அதற்கு இப்போது நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஓரிடத்திலேயே வைத்தால் நூறு படியும் ஒரு படிதான். எல்லோருக்கும் வேண்டிய பொருளைப் பல இடங்களில் பிரித்து வைப்பதே அதைக் காக்கும் வழி.