மூன்று நிறுவனர்களும் எட்டு டிரம் மாவும்

காரைக்காட்டூரில் ஒரு கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு கிரைண்டர், ஒரு ஷட்டர், எட்டு பிளாஸ்டிக் டிரம், மூன்று நிறுவனர்கள். சென்னியப்பன், நாச்சிமுத்து, கருப்பணன் மூவரும் சேர்ந்து இட்லி மாவு ஆட்டி விற்றார்கள். மூவரிடமும் விசிட்டிங் கார்டு உண்டு. மூன்றிலும் நிறுவனர் என்றுதான் போட்டிருந்தது. மாவு ஆட்டுபவர் என்று எந்தக் கார்டிலும் இல்லாததால், தினமும் காலையில் யார் ஆட்டுவது என்று பேசி முடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடும்.

இதில் சென்னியப்பனுக்கு மட்டும் தனிக் கவலை ஒன்று உண்டு. மெஸ் நடத்தும் வேலப்பனின் மகள் பூங்கோதையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பூங்கோதைக்கும் சம்மதம்தான், ஏன் சம்மதம் என்பது மட்டும் ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வேலப்பன் இரண்டு வருஷம் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இத பாரு தம்பி. டவுன் தியேட்டர்ல ஒரு படம் ஓடுது. ஒண்ணுமில்லாத பசங்க கார் ஷெட்டுல கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பிச்சு எப்படிப் பெரிய ஆளானாங்கன்னு காட்டறான். போய்ப் பாத்துட்டு அதே மாதிரி கம்பெனி நடத்து. திங்கக்கெழமை காலையில என் புது மெஸ் திறப்பு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எட்டு டிரம் மாவு வந்துரணும். டிரம்மு விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருக்கணும். சரியா வந்துதுன்னா அன்னைக்கே கல்யாணப் பேச்சைப் பேசிரலாம்."

சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட விடுவதில்லை என்று சென்னியப்பன் தீர்மானித்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமை மூவரும் போய்ப் படத்தைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவை ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, எட்டு டிரம்மிலும் விளிம்பு வரைக்கும் ஊற்றினார்கள். பாதி டிரம்தான் ஊற்ற வேண்டும், மீதி இடம் மாவு பொங்குவதற்கு என்பது சென்னியப்பனுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் மாமனார் ஆகப்போகிறவர் விளிம்பு என்று சொன்ன பிறகு மாவின் சௌகரியத்தைப் பார்க்க முடியுமா? சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மூடியை அழுத்திப் போட்டுவிட்டு, படம் என்ன சொல்கிறது என்று பேச உட்கார்ந்தார்கள்.

"தனியா நின்னு கத்தினா கம்பெனி வளரும்னு சொல்லுது" என்றான் நாச்சிமுத்து. அவன் தியேட்டரில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து திரையின் வலது பாதியை மட்டும் பார்த்தவன். "எதிர்ல ஒரு ஆளு இல்ல. ரெண்டு மணி நேரம் தனியாவே திட்டிட்டிருந்தான். கடைசியில எல்லாரும் கை தட்டறாங்க."

கருப்பணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு அந்தக் காரு ஞாபகமாவே இருக்குது."

"எந்தக் காரு?"

"ஷெட்டைக் காலி பண்றோம்னு மொதல்ல வெளிய தள்ளுனாங்களே, அது. மழை வேற பேஞ்சுது. படம் முடியற வரைக்கும் அதை ஒருத்தனும் உள்ள விடல. மாடி மேல மாடியா கம்பெனி கட்டுனாங்க, ஒரு காரை நிறுத்த எடமில்ல. உலகத்தையே மாத்தப் போறோம்னு பேச்சு மட்டும் பேசறாங்க."

அந்தக் கார் நனைந்ததை நினைத்து மூவரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு சென்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு பேரும் மேலோட்டமா பாத்திருக்கீங்க. ஆரம்பிச்சவனை அவன் கூட்டாளிகளே நீள மேசையைச் சுத்தி உக்காந்து, கை தூக்கி, வெளிய அனுப்பறாங்க. அட்டைப்பெட்டியில சாமானை எடுத்துட்டுப் போறான். அப்பறம் என்னாச்சு? அந்தக் கம்பெனியே அவனைத் தேடி வருது. மொதத் தடவை மாட்டேங்கறான். ரெண்டாந் தடவையும் மாட்டேங்கறான். மூணாந் தடவைதான் போறான். அதுக்கப்பறம்தான் அவன் பெரிய ஆளு. உள்ளயே இருந்தவன் எவனாச்சும் பெரிய ஆளானானா?"

இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒருவனும் ஆகவில்லை. சென்னியப்பனுக்குக் கல்யாணம் தட்டிப்போனதற்குக் காரணம் இப்போதுதான் பிடிபட்டது. இத்தனை வருஷத்தில் அவனை யாரும் வெளியே தள்ளவே இல்லை.

உடனே அரிசி மூட்டைகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு நீள மேசை ஆக்கினார்கள். சென்னியப்பனை வெளியேற்றலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று நாச்சிமுத்து சொன்னான். மூன்று கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது சென்னியப்பனின் கை. காலண்டர், உப்பு டப்பா, கார்டுக் கட்டு மூன்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, படத்தில் வந்தவனைப் போலவே திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

நீண்ட நடை ஒன்றும் இல்லை. கடை எதிரே பத்தடிச் சந்தைத் தாண்டினால் பஞ்சர் கடை. அன்றைக்கு லீவு. மழை பெய்தால் சந்துத் தண்ணீர் முழுக்க வந்து தேங்குவது அந்தக் கடை பெஞ்சின் காலடியில்தான், அவ்வளவு பள்ளம். சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி தன்னைத் தேடி வருவதற்காகக் காத்திருந்தான்.

பத்தே நிமிஷத்தில் நாச்சிமுத்து அட்டைப்பெட்டியோடு வந்தான்.

"நீ மட்டும் பெரிய ஆளாயிட்டா நாங்க என்ன பண்றது? நானும் வெளிய வந்துட்டேன். கருப்பணன்தான் கை தூக்கினான்."

"அப்ப கருப்பணன்?"

கருப்பணன் உள்ளே தனியாக உட்கார்ந்து கூட்டம் நடத்திக்கொண்டிருந்தான். தன்னை வெளியேற்ற வேண்டும் என்று தானே சொல்லி, தானே கை தூக்கி, எதிர்ப்பு யாருக்காவது உண்டா என்று எட்டு டிரம்மையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு தன் அட்டைப்பெட்டியோடு வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினான். வெளியேற்றப்பட்டவன் கம்பெனி சாவியை வைத்துக்கொள்வது நாணயம் இல்லை என்பதால், அதை ஷட்டருக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டான்.

நாலரை மணிக்குக் கடைக்குள் போன் அடித்தது.

"கூப்பிடறாங்க" என்றான் நாச்சிமுத்து.

"நம்மளை இல்ல. கம்பெனியை" என்றான் சென்னியப்பன். போன் பத்துத் தடவை அடித்து ஓய்ந்தது.

ஐந்தரை மணிக்கு உள்ளே டிரம் மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஷட்டருக்கு அடியில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நுரைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல், படி இறங்கிச் சந்தைக் கடந்து நேராகப் பெஞ்சை நோக்கி வந்தது.

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தீங்களாடா? கம்பெனியே நம்மளைத் தேடி வருது."

மாவு கால் விரலைத் தொடப்போகும் நேரம், மூவரும் சட்டென்று காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்கள். முதல் தடவை மாட்டேன் என்றுதானே சொல்ல வேண்டும்.

"வர மாட்டோம்" என்று மாவைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னான் சென்னியப்பன்.

அப்போதுதான் வேலப்பன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். போனை எடுக்காததால் நேரிலேயே வந்துவிட்டார். சந்து முழுக்க மாவு. நடுவில் ஒரு பெஞ்ச். அதன் மேல் காலை மடக்கிக்கொண்டு மூன்று பேர், மடியில் மூன்று அட்டைப்பெட்டிகள்.

"டேய், என்னடா இது? எந்திரிச்சு வந்து கடையைத் திறங்கடா!"

"ரெண்டாந் தடவை" என்று கிசுகிசுத்தான் கருப்பணன்.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றான் சென்னியப்பன் பணிவாக. "இந்தத் தடவையும் வர்றதுக்கில்லீங்க. இன்னொருக்கா கூப்பிட்டீங்கன்னா கண்டிப்பா வந்துடறனுங்க."

வேலப்பன் மாவைப் பார்த்தார். பூட்டிய ஷட்டரைப் பார்த்தார். நாளைக்குத் திறக்க வேண்டிய மெஸ் கண் முன்னால் சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மொபெட்டைத் திருப்பினார்.

"கூப்பிட மாட்டேன். இனி ஒரு நாளும் கூப்பிட மாட்டேன். என் வாசப்படியை மிதிக்காத. என் பொண்ணு பேரைச் சொல்லாத. உனக்கும் என் குடும்பத்துக்கும் ஒண்ணுமில்ல, போ வெளிய."

சென்னியப்பனுக்கு அது இரண்டு வருஷ ஆசை. பூங்கோதையின் முகம் கண்ணில் வந்து நின்றது. நிஜமாகவே அழுதுவிடுவான் போல் இருந்தது.

நாச்சிமுத்து அவன் விலாவில் இடித்தான். "மாப்ளே, அழுவாத. உன்னை அவங்க குடும்பத்துலேர்ந்தே வெளியேத்திட்டாரு."

சென்னியப்பன் விழித்தான். மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமனார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள்? இனி அவரே தேடி வரவேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஒரே ஒரு குறை இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மாவில் கால் புதையப் புதைய ஓடிப்போய் வேலப்பனை மறித்தான்.

"மாமா, வாயில சொன்னாச் செல்லாதுங்க. கையைத் தூக்கிச் சொல்லோணும்."

வேலப்பன் கையைத் தூக்கினார்.

பெரியவரே தூக்கியதைப் பார்த்து, பெஞ்சில் இருந்த இருவரும் மரியாதையாகக் கையைத் தூக்கினார்கள். சென்னியப்பன் மூன்று கைகளையும் எண்ணினான். சந்தோஷம் தாங்காமல் தன் கையையும் தூக்கி, "நாலுக்கு நாலுங்க மாமா, ஒருத்தர்கூட எதிர்ப்பில்ல" என்றான்.

தீர்மானம் கன்னத்தில் நிறைவேறிய சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.