கறை போகாத நூல்

"எந்த நூல், அக்கா?" என்று கேட்டான் பொன்னுரங்கம்.

வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டான்.

"செருப்பு," என்றார் அக்கா.

கழற்றினான்.

"இப்பக் கேளுங்கண்ணா."

"எந்த நூல்?"

குன்னூருக்கு மேலே, முன்பு தேயிலை எடை போட்ட ஒரு தகரக் கொட்டகையில் அக்கா இருந்தார். சாமியார் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். காவி கிடையாது. முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்தான். பதில் வேண்டுமென்று ஆட்கள் மலையேறி வருவார்கள். பாதிப் பேருக்குத் திட்டுதான் கிடைக்கும். திட்டு வாங்கினவர்கள் மறுபடியும் வருவார்கள்.

பொன்னுரங்கம் வெகுநாளாக வருகிறவன். வயதில் அவன்தான் மூத்தவன். ஆனாலும் அவன் அவரை அக்கா என்பான், அவர் அவனை அண்ணா என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கீழே பஜாரில் அவனுக்குக் கம்பளக் கடை. குளிர் ஊர். எல்லா வீட்டுத் தரையிலும் ஒரு கம்பளம் கிடக்கும், அதில் பாதி அவன் விற்றது.

"நான் சாக்கு மேல உக்காந்திருக்கிறவ," என்றார் அக்கா. "கடை வெச்சிருக்கிறவர் நீங்க. என்னை வந்து நூல் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்லிடுவேன். எங்க வீட்டுக்குச் சொல்லத் தெரியல."

"வீட்டுல என்ன?"

"தமயந்தி தரையில படுக்கறா."

தமயந்தி அவன் மனைவி.

"வெறும் சிமெண்ட் தரை, அக்கா. ஐஸ் மாதிரி இருக்கு. பகல்லயும் அங்கேயே கெடக்கறா. கட்டிலுக்கு வாடின்னா காதுல விழாத மாதிரி இருக்கா. இருமல் நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சு. முதல்ல அந்தத் தரையை விட்டு எழுப்புங்கங்கிறார் டாக்டர், அப்புறம்தான் மாத்திரையாம்."

கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தான்.

"ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் போயிடும்போல."

போய்விட்டது என்று அவன் சொன்னது மகள் மிருதுளாவை. யுகேஜி படித்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது, மூளைக்கு ஏறியது, செத்துப்போனாள். இதை மெதுவாகச் சொல்ல வழி இல்லை.

மிருது என்றால் மென்மை. கம்பளக் கடைக்காரன் வைத்த பேர்.

"விரிச்சுப் பாத்தீங்களா ஏதாச்சும்?"

"கடையில இருக்கறதையெல்லாம் விரிச்சாச்சு. நான் கடைக்குப் போனதும் சுருட்டி வாசல்ல நிறுத்திடறா. வாசல் முழுக்க சுருளா நிக்குது. கடையை வீட்டுக்கே மாத்திட்டியான்னு பக்கத்து வீட்டுக்காரர் கேக்கறார்."

"சுருட்டும்போது என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்றதில்ல."

"நீங்க என்ன சொல்லி விரிக்கறீங்க?"

"இது நல்ல ரகம்னு சொல்லி."

அக்கா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"சரி. நான்தான் தமயந்தி. எனக்கு வித்துக் காட்டுங்க."

பொன்னுரங்கம் சட்டைப் பைக்குள்ளிருந்து வளையத்தை எடுத்தான். அதில் சாம்பிள் துண்டுகள் கோத்திருந்தன. எங்கே போனாலும் அது கூடவே போகும். மகளை அடக்கம் பண்ணிய அன்றும் பையில் இருந்தது. அவனுக்கே அது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

ஒவ்வொன்றாக அக்காவின் முன்னால் பரப்பினான். குரல் மாறிவிட்டது. கடைக்குரல்.

"இது கம்பளி. சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். மிதிச்சாலும் எழுந்துக்கும். குழந்தை இருக்கற வீடுன்னா கொஞ்சம் யோசிக்கணும், கலர் எதாச்சும் கொட்டிட்டா உள்ள இழுத்துடும். இது பருத்தி. தோலுக்கு இதமா இருக்கும். ஆனா எல்லாத்தையும் குடிச்சிடும். இது பாலியஸ்டர். இப்பப் பளபளன்னு இருக்கும், ஒரு வருஷத்துல நடந்த இடமெல்லாம் அமுங்கிப் போயிடும். குடும்ப வீட்டுக்குன்னா என்னைக்கும் நான் கையில எடுக்கறது இது. நைலான். அடிச்சாலும் தாங்கும். எது சிந்தினாலும் ஒரு ஈரத்துணி போதும். நேத்து என்ன கொட்டுச்சுன்னே இன்னைக்குத் தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

அக்கா பக்கத்தில் டீ டம்ளர் இருந்தது. எடுத்தார். ஒரு வாய் குடித்தார். மிச்சத்தைத் துண்டுகள் எல்லாவற்றின் மேலும் ஊற்றினார்.

"அய்யோ!"

பொன்னுரங்கத்தின் தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது. மடித்தான். வைத்தான். அமுக்கினான். தேய்க்கவில்லை, தேய்த்தால் பரவும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தான். முதலில் நைலான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டீ இருந்த சுவடே இல்லை.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைங்கன்னு நான் சொன்னேனா?"

"பழக்கம், அக்கா. கை தானாப் போயிடும்."

"வீட்டுல கடைசியா அந்தக் கை எதுக்குப் போச்சு?"

துண்டு நின்றது.

மேகம் கொட்டகைக்குள் வந்தது. இந்த ஊரில் அது கேட்டுக்கொண்டு வராது.

"பீட்ரூட்," என்றான்.

நனைந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்க ஹால்ல நைலான்தான் போட்டிருந்தேன். மிருது பீட்ரூட் பொரியலைத் தட்டோட கவுத்துட்டா. நான் திட்டுவேன்னு அவளே கையால துடைச்சிருக்கா. அது பெரிசா இழுத்துக்கிச்சு. அஞ்சு வெரலும் தெரியும். நான் பாத்துட்டு, சரி, ஞாயித்துக்கெழமை எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கெழமை?"

"ஞாயித்துக்கெழமை ஆஸ்பத்திரியில இருந்தா."

துண்டைப் பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பால் ஊத்தி முடிச்சப்புறம் தமயந்தி அந்தக் கறை பக்கத்துலயே உக்காந்துட்டா. அதையே பாப்பா. அழுவா. அதுமேல கையை வெச்சுக்கிட்டு அழுவா. சோறு கிடையாது, தூக்கம் கிடையாது. அவங்க ஊர்லருந்து துக்கம் கேக்க ஆளுங்க வர்றாங்கன்னு போன் வந்துச்சு. இது கண்ணு முன்னாடி இருக்கறதாலதான் அழறா, இது போயிட்டா அழுகை நிக்கும்னு நெனச்சேன். அவ குளிக்கப் போனா. நான் துடைச்சிட்டேன்."

"போயிடுச்சா?"

"பின்ன? நைலானாச்சே." அதைச் சொல்லும்போது அவன் குரலில் துளி பெருமை இருந்தது. அது அவன் காதிலேயே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அழுகை?"

"நின்னுடுச்சு."

"பெறகென்ன. நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பொன்னுரங்கம் எழுந்து போயிருப்பான்.

"வெளிய வந்து பாத்து என்ன சொன்னா?"

"தலையில ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்னா. 'பாரு, கறையே தெரியல'ன்னு நான்தான் காட்டினேன். அவ குனிஞ்சு தேடினா. 'எங்க போச்சு?'ன்னா."

"நீங்க?"

"'தண்ணியோட போச்சு'ன்னேன். எந்தத் தண்ணின்னா. வாளியில இருந்த தண்ணின்னேன். வாளி எங்கன்னா. அதை அப்பவே சாக்கடையில ஊத்திட்டேன், அக்கா. ரோஸ் கலர்ல இருந்துச்சு."

வெளியே பச்சைத்தேயிலை லாரி ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது.

"அந்தக் கம்பளத்தைத்தான் அவ முதல்ல சுருட்டினா. அன்னைக்கிலருந்து தரையிலதான் படுக்கறா. கம்பளத்துல கறை இருந்துச்சே, அதுக்கு நேர் கீழ."

"அவ அழறதில்ல. நீங்க அழுதீங்களா?"

"கடையைப் பாக்கணுமே, அக்கா."

"ம்."

"சொல்லுங்க. எந்த நூல்?"

அக்கா சாம்பிள் வளையத்தைக் கையில் எடுத்து ஆட்டினார். டீயில் நனைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"குடும்ப வீட்டுக்கு நீங்க விக்கவே விக்காத நூல் எது?"

"சணல்."

"வளையத்துலயே காணோமே."

"கோக்கறதில்ல. ஆபீஸ் ரிசப்ஷனுக்குக் கேட்டா மட்டும் குடுப்பேன். குழந்தை குட்டி இருக்கற வீடுன்னு தெரிஞ்சா, வேண்டாம்மான்னு நானே தடுத்துடுவேன்."

"ஏன், அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதுல எதுவும் போகாது, அக்கா. டீ, குழம்பு எல்லாம் விடுங்க. வெறும் தண்ணி பட்டாலே பழுப்பா வட்டம் விழும். வெறும் தண்ணிக்கே கறை. எந்த மருந்து போட்டாலும்…"

நிறுத்தினான்.

அக்கா உட்கார்ந்திருந்த சாக்கு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. சணல் சாக்கு. டம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம். வட்டத்தின் மேல் வட்டம். இத்தனை வருஷமாக மலையேறி வந்து கதை பேசினவர்கள் எல்லோருடைய டீயும் அதில் இருந்தது. அவனுடையதும் இருக்கும்.

பொன்னுரங்கம் எழுந்தான். பழக்கத்தில் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போகப் பார்த்தான்.

"டம்ளரை அப்படியே வெச்சிட்டுப் போங்கண்ணா," என்றார் அக்கா.

*

கடைக் கிடங்கின் அடியில் ஒரு சணல் விரிப்பு கிடந்தது. உருவி எடுத்தான். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

தமயந்தி தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருமினாள். அவன் விரிப்பதற்காக நகர்ந்து கொடுத்தாள். அவள் எப்போதும் நகர்ந்து கொடுப்பாள், சண்டை போடமாட்டாள். அவன் போன பிறகு சுருட்டுவாள்.

இந்தத் தடவை அவன் போகவில்லை. அதனால் அவன் இருக்கும்போதே ஒரு மூலையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"இது நல்ல ரகம் இல்ல," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குத்தும். மழைக்காலத்துல வாடை அடிக்கும். இதைப் போய் யாரும் வீட்டுக்கு வாங்க மாட்டாங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாக்கூட அடையாளம் விழுந்துடும். போகாது."

அவள் கை மூலையிலேயே இருந்தது.

"நீங்க துடைச்சா?"

அவனிடம் அவள் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"நான் துடைச்சாலும் போகாது."

தமயந்தி சுருட்டின மூலையைப் பிரித்துவிட்டாள். உள்ளங்கையால் சணலைத் தடவினாள். அது குத்தியது. மறுபடியும் தடவினாள். பிறகு அதன்மேல் படுத்து, கன்னத்தை அதில் வைத்தாள்.

பொன்னுரங்கம் கடைக்குப் போனான். மத்தியானம் சாப்பிட வந்தான்.

வாசலில் புதிதாக ஒரு சுருள் நிற்கவில்லை. அதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

ஹாலில் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கன்னத்தில் சணலின் வரி வரியான தடம். அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு பழுப்பு வட்டம். நடுவில் இன்னும் ஈரம். ஓரம் காய ஆரம்பித்திருந்தது.

அவன் கை தோளுக்குப் போனது.

துண்டு கைக்கு வந்தது. மடித்தும்விட்டான்.

தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். விரிப்பின் மூலையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள், சுருட்டுவதற்கு.

பொன்னுரங்கம் மண்டியிட்டான். மடித்த துண்டை வட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. அதற்குமேல் போகவில்லை.

அந்த வட்டத்தில் விரல் ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது. ஐந்தும் தெரிந்தன. பெரியதாக இழுத்த கட்டைவிரல் முதலில். திட்டுவார் என்று பயந்த கை அது. அப்பா வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட கை. துடைக்கத் தெரியாத கை. அவன் அதற்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, அமுக்கணும், தேய்க்கக் கூடாது என்று.

துண்டு கீழே விழுந்தது.

அவன் அப்படியே சாய்ந்தான். சணல் கன்னத்தில் குத்தியது. சத்தம் அவனிடமிருந்துதான் வருகிறது என்று அவனுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ வாசலில் "கடை திறக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தமயந்தி மூலையை விட்டாள்.

வெயில் ஜன்னலில் வந்து, ஹாலைத் தாண்டி, சுவரில் ஏறியபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். சோறு ஆறிப் போயிருந்தது. அவள் இருமவில்லை, அல்லது இருமியதை அவன் கேட்கவில்லை.

விரிப்பில் இப்போது இரண்டு வட்டம்.

தமயந்தி குனிந்தாள். புதிய வட்டத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றான் பொன்னுரங்கம்.

கீழே கிடந்த துண்டை அவள் எடுத்தாள். அதை எட்டாத தூரத்துக்கு, அறையின் அந்தப் பக்கம் எறிந்தாள்.

"காயட்டும்," என்றாள்.