அடம்பங்கொடி மணலில் படுத்த கதை

ஆடும் கொடியும் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பட்டணத்துக்குத் தெற்கே கடலோரமாக ஓர் ஊர் இருந்தது. ஊர் ஒன்றுதான், தெரு இரண்டு. அலைக்குப் பக்கத்தில் மீன்காரத் தெரு. அதற்கு மேற்கே, கிணறும் பாத்தியுமாகத் தோட்டக்காரத் தெரு. நடுவில் அகலமான மணல்வெளி. அந்த மணல் மாவு மாதிரி இருக்கும். காற்றடித்தால் எழுந்து பறக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும்.

அடம்பங்கொடி அப்போது மணல் பக்கமே வந்ததில்லை. தோட்டக்காரத் தெருவுக்குப் பெரியவரான சிங்காரத்தின் வேலிமேல் ஏறி, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சொகுசாக இருந்தாள். அவளுடைய இலைகள் முழு வட்டமாக, பளபளவென்று இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமைக்கு ஒரே இடைஞ்சல், மீன்காரத் தெரு தேசம்மாவின் வெள்ளாடு செவலை. மணலில் தத்தித் தத்தி வந்து வேலியில் வாய் வைத்துவிடுவாள்.

"இலையைத் தொட்டே, சிங்காரத்தைக் கூப்பிடுவேன்!" என்பாள் அடம்பு.

"கூப்பிடேன். அவர் வர்றதுக்குள்ள நாலு இலை உள்ள போயிடும்" என்பாள் செவலை.

ஒரு வருஷம், பறந்து வந்த மணல் சிங்காரத்தின் கத்திரி நாற்றை மொத்தமாக மூடிவிட்டது. அவர் நேராகக் கடற்கரைக்குப் போய்ச் சத்தம் போட்டார். "நீங்க வலையை இழுத்து இழுத்து மணலைக் கிளப்பிவிடுறீங்க!"

தேசம்மாவும் விடவில்லை. "வேலி கட்டுறதுக்கு எங்க பக்கத்துப் புதரையெல்லாம் வெட்டிக்கிட்டுப் போனது யாரு?" என்று கேட்டாள்.

அன்றோடு இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. மீன்காரத் தெருவில் ஒரு துண்டு முருங்கைக்காய்கூட இல்லாமல் குழம்பு கொதித்தது. தோட்டக்காரத் தெருவிலோ தினமும் கீரைதான். மீன் வாசனையே இல்லாமல் அங்கிருந்த பூனைகள் எல்லாம் இளைத்துப்போயின. ஆறு மாதம் ஆகியும் யாரும் முதலில் இறங்கி வரவில்லை.

ஐப்பசி மாதம். ஒரு நாள் மதியம் காற்று திடீரென்று திசை மாறிச் சுழன்று அடித்தது. கடலுக்குப் போன படகுகள் அவசர அவசரமாகத் திரும்பின. தேசம்மாவின் கணவன் கன்னியப்பனும் இன்னும் நான்கு பேரும் இருந்த பெரிய படகு மட்டும் கரைக்கு வர முடியாமல் அலையில் மாட்டிக்கொண்டது. படகிலிருந்து ஒருவன் வடத்தின் நுனியோடு குதித்து நீந்திக் கரை சேர்ந்தான். தெருவில் இருந்த அத்தனை பேரும் அந்த வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். அலையோ அதைவிட பலமாகப் படகைக் கடலுக்குள் இழுத்தது. வடம் உள்ளங்கைகளைக் கிழித்தது. ஒரு கையை எடுத்தாலும் படகு போய்விடும்.

தேசம்மா வடத்தை விடாமல் திரும்பிப் பார்த்தாள். சும்மா நின்றது செவலை மட்டும்தான்.

"ஓடு செவலை! சிங்காரம் அண்ணனைக் கூப்பிடு. எல்லாரையும் வரச் சொல்லு!"

செவலை பாய்ந்தாள். ஆனால் அன்றைக்கு அடித்த காற்றில் மணல் கடலைப் போலவே புரண்டது. பாதி தூரம் போவதற்குள் வயிறு வரை புதைந்துவிட்டாள். முன்னங்காலை எடுத்தால் பின்னங்கால் இறங்கியது. "யாராவது வாங்களேன்! படகு போகுது!" என்று கதறினாள். காற்றின் இரைச்சலில் அது தெருவுக்கு எட்டவில்லை. மணலை ஒட்டியிருந்த வேலிக்கு மட்டும் எட்டியது.

அடம்பு எட்டிப் பார்த்தாள். தன் இலையைத் தின்றவள் மணலில் மூழ்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், அலைமேல், படகு ஒரு தேங்காய்ச் சிரட்டை போல ஆடிக்கொண்டிருந்தது. அடம்பு தயங்கவே இல்லை. வேலியைப் பற்றியிருந்த தன் கைகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு மணலில் விழுந்தாள். விழுந்து, நீண்டாள். செவலையின் முன்னங்கால் வரை வந்து, அதையும் தாண்டி, கடற்கரை வரை நீண்டு படுத்தாள்.

"என்மேல ஏறி ஓடு!"

"உன் இலையெல்லாம் நசுங்கிப் போயிடுமே!"

"இத்தனை நாள் தின்னப்ப வராத கவலையா? ஓடு!"

செவலை ஓடினாள். அவள் குளம்பு பட்ட இடத்திலெல்லாம் வட்ட இலைகள் நுனியில் பிளந்தன. அடம்பு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

சிங்காரம் கிணற்றடியில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார். செவலை மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னாள்.

"என்னைக் கூப்பிடச் சொன்னாளா? என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"சிங்காரம் அண்ணன்னு சொன்னாங்க."

சிங்காரம் ஏற்றத்து வாளியை அப்படியே கிணற்றுக்குள் விட்டார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. அடம்பு படுத்திருந்த பாதையில் கால் புதையாமல் எல்லோரும் ஓடி வடத்தைப் பிடித்தார்கள்.

அங்கே ஒரு சிக்கல். மீன்காரர்கள் "ஐலசா" என்றபோது இழுத்தார்கள். தோட்டக்காரர்கள் தங்கள் ஏற்றப்பாட்டின் கணக்குக்கு இழுத்தார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் மூச்சு விட, வடம் நழுவியது.

"அண்ணே, இன்னிக்கு உங்க பாட்டையே பாடுங்க!" என்று கத்தினாள் தேசம்மா.

சிங்காரம் தொண்டை கிழியப் பாடினார். மீன்காரர்கள் தப்பும் தவறுமாகக் கூடவே பாடினார்கள். பாட்டின் எட்டாவது அடியில் படகு மணலில் தட்டி நின்றது. அதிலிருந்த நான்கு பேரும் முழுசாக இறங்கினார்கள். கன்னியப்பன் நனைந்த உடம்போடு சிங்காரத்தைக் கட்டிக்கொண்டான். அன்று மாலை அதே மணலில் பெரிய அடுப்பு மூட்டினார்கள். இரு தெருவும் சேர்ந்து கத்திரிக்காய் போட்ட மீன்குழம்பு தின்றது. பூனைகளுக்குத் தனிச் சட்டி.

மறுநாள் காலை சிங்காரம் அடம்பைத் தூக்கி மறுபடி வேலியில் கட்ட வந்தார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தாள். அவளுக்குக் கீழே மணலும் பறக்காமல் கெட்டியாகக் கிடந்தது.

"விட்டுடுங்க. இங்க காத்து நல்லா இருக்கு" என்றாள் அடம்பு. பேசும்போதே ஊதா நிறத்தில் ஒரு பூ விரிந்தது.

பக்கத்தில் நின்ற செவலை, பிளந்த இலைகளைப் பார்த்துத் தலை குனிந்தாள். "இனிமே என் வம்சத்துல யாரும் உன்மேல வாய் வைக்க மாட்டோம்" என்றாள்.

அடம்பின் இலை ஆட்டுக் குளம்பைப் போலப் பிளந்திருப்பதும், எதையும் விடாத வெள்ளாடு அவளை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்வதும் அன்று தொடங்கியதுதான். இப்போது அந்த ஊரில் மாடி வீடுகள் வந்துவிட்டன, தெருக்களும் பெருகிவிட்டன. ஆனாலும் கடற்கரையில் யாராவது வலை இழுத்தால், காலையில் நடக்க வந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்காமலே ஒரு கை கொடுக்கிறார்கள்.